மணல் மூடலாம், மறதி மூடலாமா?

ஒரு நாடு எவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறது என்று பார்த்தால், அந்த நாடு யாரை மதிக்கிறது என்பது விளங்கிவிடும். மன்னன் கட்டிய கோட்டைக்குக் காவல் உண்டு. வணிகக் கும்பினி கட்டிய கொத்தளத்துக்கும் காவல் உண்டு. கோடை வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைத் துரைமார் உதகைக் குளிரைத் தேடி ஏறிச் செல்வதற்கென அமைந்த நீலகிரி மலைப்பாதை, 2005ஆம் ஆண்டிலே உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சேர்ந்தது முறைதான், அந்தப் பாதையின் பற்சக்கரப் பொறியும், அதை மலையிலே பதித்த தொழிலாளரின் உழைப்பும் போற்றத்தக்கவையே, குறை சொல்ல நாம் வரவில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். துரை மலையேறிய பாதைக்குக் கிடைத்த மரியாதை, ஏழைத் தமிழன் கடலேறிய நிலையத்துக்கு ஏன் கிடைக்கவில்லை?

தனுஷ்கோடிப் புகைவண்டி நிலையத்தைத்தான் குறிப்பிடுகிறோம், தோழர்களே!

ராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையிலே, ஒரு புறம் வங்கக் கடலும் மறு புறம் மன்னார் வளைகுடாவும் நெருக்கி நிற்கும் குறுகிய மணற்பரப்பிலே, அந்த நிலையத்தின் எலும்புக்கூடு நிற்கிறது. இடிந்த சுவர்கள் சில; தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்கள் சில; சற்றுத் தள்ளி, பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய மாதா கோயிலின் கூரையற்ற சுவர்கள். 2017ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதுவரை மணலிலே தடுமாறிச் செல்லும் வண்டிகளை நம்பிச் சென்றவர்கள், இன்று சொந்தக் காரிலேயே சென்று இறங்குகிறார்கள். இறங்கி, சுவரின் மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். 'பேய் நகரம்' என்று அதற்கொரு பெயரும் சூட்டிவிட்டார்கள். சங்கும் சிப்பி மாலையும் வாங்கிக்கொண்டு, பொழுது சாயுமுன் திரும்பிவிடுகிறார்கள்.

வருகின்ற மக்கள்மீது நமக்கு வருத்தம் இல்லை. அந்தச் சுவர் யாருடைய கதையைச் சொல்கிறது என்று அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் வாய்மூடி இருக்கும்போது, வருகிறவர்களை நொந்துகொள்வது எங்ஙனம் பொருந்தும்? ஆகவே, அந்தக் கதையை இன்று நாம் சொல்கிறோம். சற்றே பொறுமையுடன் கேளுங்கள்.

1914க்கு முன்னர், சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டியவர் தூத்துக்குடி வரை புகைவண்டியில் சென்று, அங்கிருந்து நெடுந்தொலைவு கடலிலே ஆடிக்கொண்டு செல்ல வேண்டும். அந்தத் தொல்லையைக் குறைப்பதற்காகவே பாம்பன் கடலிடையே இரும்புப் பாலம் போடப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த நீளம். கப்பல் வந்தால் இரு கைகளையும் மேலே தூக்கி வழிவிடும் நடுப்பகுதி. 1914 பிப்ரவரி 24ஆம் நாள் அது திறக்கப்பட்டது. பாம்பனிலிருந்து ஒரு கிளை ராமேசுவரத்துக்கும், மற்றொரு கிளை ஏறத்தாழ 15 மைல் நீண்டு தனுஷ்கோடிக்கும் சென்றன. எழும்பூரில் ஏறுகிறவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பலில் ஏறுவார். இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்குவார். அங்கே காத்து நிற்கும் வண்டியில் ஏறிக் கொழும்பு சேர்வார். 'போட் மெயில்' என்ற பெயர் அந்தப் பயணத்துக்கு உரியது. கப்பல் நின்று பல ஆண்டுகள் ஆகியும், சென்னைக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே ஓடும் வண்டி இன்னமும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. படகு போய்விட்டது, பெயர் மட்டும் பிழைத்திருக்கிறது!

நிலையம் வந்ததால் ஊர் வந்தது. சுங்கச் சாவடி வந்தது, அஞ்சல் நிலையம் வந்தது, மருத்துவமனை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ரயில்வே ஊழியர் குடியிருப்பு வந்தது. வெறும் மணல் திட்டு, இரு நாடுகளின் வாயிற்படியாயிற்று.

அந்த வாயிற்படியை மிதித்தவர்கள் யார்? முதல் வகுப்பிலே சாய்ந்து சென்ற அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் உண்டு, வணிகர்களும் உண்டு, சேது தீர்த்தமாட வந்த வடநாட்டு யாத்திரிகர்களும் உண்டு. ஆனால் மிகப் பெரும் கூட்டமாக அந்த வழியே போனவர்கள், கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குச் சென்ற கூலிகள். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் ஆகிய வறண்ட சீமைகளிலிருந்து, கங்காணியின் பின்னே மூட்டையும் முடிச்சுமாகப் புறப்பட்டவர்கள். அவர்களிடையே உழுவதற்கு நிலமில்லாதவர்கள் உண்டு; நிலமிருந்தும் மழையில்லாதவர்கள் உண்டு; மழை பெய்தும் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள் மிகப் பலர் உண்டு. மண்டபத்திலே முகாம் அமைத்து அவர்களை அடைத்து வைத்தார்கள். அம்மை குத்தினார்கள், நோய் உண்டா என்று நாட்கணக்கில் சோதித்தார்கள். பெயரைவிட எண்ணே முக்கியம் என்பதுபோல், எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று பொறித்த தகரச் சீட்டைக் கழுத்திலே மாட்டி அனுப்பிய முறையும் இருந்தது. சோதனை முடிந்ததும் வண்டி. வண்டி நின்றதும் கப்பல். தாயகத்தின் மண்ணிலே அவர்கள் கடைசியாகக் கால் வைத்த இடம் தனுஷ்கோடித் துறை.

எண்ணிப் பாருங்கள்! இலங்கையின் மலைகளைப் பச்சைப் பட்டாக மாற்றிய கைகள் அந்த நிலையத்தின் வழியேதான் சென்றன. உலகமெல்லாம் பருகிய தேநீரின் பின்னே அந்த நிலையம் நிற்கிறது. அந்தத் தேயிலையால் பெருத்த பணப்பைகள் இலண்டனிலே இருந்தன. கொழுந்து கிள்ளியவளின் விரல் காய்ப்புக்கோ, ஓர் ஏட்டிலும் வரவு வைக்கப்படவில்லை.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கூலி வேலைக்காக இலங்கை செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. 1948இலே இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால், தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள், லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மனிதர்களை மூட்டைகள்போல் பங்கிட்டார்களே, அந்த மனிதர்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை. அனுப்பி வைத்தபோதும் கேட்கவில்லை. திருப்பி அழைத்தபோதும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி 53ஆம் நாள், டிசம்பர் 22. அன்று இரவு புயல் வந்தது.

நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து ஒரு பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நோக்கிப் புறப்பட்டது. 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் என்பது கணக்கிலே வந்த எண்ணிக்கை. சீட்டு வாங்காமல் ஏறியோரைக் கணக்கிலே சேர்ப்பார் யார்? நிலையத்தை நெருங்கும் வேளையில் கைகாட்டி விளக்கு எரியவில்லை. வண்டி நின்றது, பின்னர் இருளிலே மெல்ல நகர்ந்தது. பனைமரம்போல் எழுந்த கடலலை, பெட்டிகளை அப்படியே விழுங்கிற்று. ஊரும் போயிற்று, துறையும் போயிற்று, நிலையமும் போயிற்று. இந்தியக் கரையிலும் இலங்கைக் கரையிலுமாக அந்தப் புயலுக்குப் பலியானோர் ஏறத்தாழ 1,800 பேர் என்று கூறுவர். தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அத்தோடு அந்த ஊரின் ஏடு மூடப்பட்டது.

இந்த இடத்திலே ஒன்றை நாம் நெஞ்சாரப் பாராட்டியாக வேண்டும். அதே புயலிலே பாம்பன் பாலத்தின் உத்திரங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. ஆறு மாதத்தில் சரிசெய்யலாம் என்றனர். மூன்றே மாதத்தில் முடிக்க வேண்டும் என்றனர். கடலிலே கிடந்த உத்திரங்களைத் தேடி எடுத்து, 46 நாட்களிலே பாலத்தை மீண்டும் நிறுத்திக் காட்டினார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரின் பெயர் நாடறிந்தது அப்போதுதான். அவரோடு உப்பு நீரிலே மூழ்கி எழுந்த தொழிலாளரின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை என்றாலும், அவர்களையும் சேர்த்தே வணங்குகிறோம்.

ஆனால், அந்த 46 நாள் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது அன்றோ? வேண்டும் என்று நினைத்தால் கடலின் வயிற்றிலிருந்துகூட இரும்பை எடுத்து வர நம்மால் முடியும். பாலம் வேண்டும் என்று நினைத்தோம். 46 நாளில் வந்தது. தனுஷ்கோடியின் நினைவு வேண்டும் என்று நினைக்கவில்லை. 60 ஆண்டு கடந்தும் வரவில்லை. திறமைக்குப் பஞ்சமில்லை, நினைப்புக்குத்தான் பஞ்சம்!

"கடல் தின்னப்போகிற சுவரைக் காப்பாற்றி என்ன பயன்?" என்று கேட்பார் உளர். கேள்வியிலே நியாயம் இல்லை என்று ஒதுக்கிவிட மாட்டோம். கரை நிலையானதன்று, இன்னொரு புயல் வராது என்று எவரும் உறுதி கூறவும் இயலாது. ஆயினும், என்றாவது ஒரு நாள் கடல் கொள்ளும் என்பதற்காக, இன்றே கை கழுவிவிடுவது எந்த ஊர் நீதி? பெரியவர் ஒருவர் என்றேனும் ஒரு நாள் இறப்பார் என்பதற்காக, அவருக்கு மருந்து கொடுக்க மறுப்பாருண்டோ? அந்தச் சுவர்களை இன்று அரிப்பது பேரலை அன்று. அன்றாடம் வீசும் உப்புக் காற்று. ஈரத்திலே கரைந்து கல்லுக்குள் புகும் உப்பு, வெயிலிலே உறைந்து பருக்கிறது. பருத்துக் கல்லை உள்ளிருந்து பிளக்கிறது. இதற்கு மருந்து உண்டு. உப்பை உறிஞ்சி எடுக்கலாம். தளர்ந்த இணைப்புகளைப் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரையால் இறுக்கலாம். அவசரப்பட்டுச் சிமெண்டைப் பூசினாலோ, உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் எஞ்சிய கல்லையும் தின்றுவிடும். ஆகவே, கேட்பது ஆடம்பரக் கட்டடம் அன்று. அறிந்தவர் கையால் நிதானமான வைத்தியம்.

"ஏழை மீனவர் குடிசையிலே வாடும்போது இடிந்த சுவருக்குப் பணமா?" என்று மற்றொரு சாரார் கேட்பர். இந்தக் கேள்வியை நாம் பெரிதும் மதிக்கிறோம். வாழத் தகுதியற்றது என்று அறிவித்த மண்ணிலே மீனவர் இன்றும் வாழ்கிறார்கள். மின்விளக்கு இல்லாமல் நெடுங்காலத்தை ஓட்டினார்கள். மணலைத் தோண்டி ஊறும் நன்னீரை முகந்து குடித்தார்கள். அரசாங்க ஏட்டிலே அவர்கள் ஊர் செத்துவிட்டது. ஆனால் அவர்கள் சாகவில்லை. உயிரோடு உலவும் மக்களை வைத்துக்கொண்டு 'பேய் நகரம்' என்று விளம்பரம் செய்வது, அவர்களையே பேயாக்குவதாகாதா? ஆகவேதான் சொல்கிறோம்: சுவரா, மீனவரா என்று இரண்டையும் மோதவிடாதீர்கள். நிலையத்தைக் காக்கும் வேலையை அந்த மக்களிடமே கொடுங்கள். காவலுக்கும் வழிகாட்டலுக்கும் கதை சொல்வதற்கும் அவர்களைவிடத் தகுதியானவர் யார்? சுற்றிப் பார்க்க வருவோரால் கிடைக்கும் வருவாய் முதலிலே அவர்களுடைய பள்ளிக்கும் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் போய்ச் சேரட்டும். அப்போது சுவரும் நிற்கும், மனிதனும் நிமிர்வான்.

மூன்றாவதாக ஒரு குரல் உண்டு. "பழையதை ஏன் கட்டி அழ வேண்டும்? புதிய பாதையே போட்டுவிடலாமே!" என்பது அந்தக் குரல். ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் இருப்புப் பாதை அமைக்க 2019 மார்ச்சிலே அடிக்கல்லும் நாட்டினார்கள். மணலும் கடலுமான அந்த மென்மையான நிலம் தாங்குமா என்ற ஐயம் எழுந்தது, வண்டி வரவில்லை. 2025ஆம் ஆண்டிலே, சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளின் புகலிடம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பறவைக்கு இடம் ஒதுக்கிய அறிவு வரவேற்கத்தக்கது. எதிர்க்கரையிலோ, போரிலே சிதைந்த தலைமன்னார்ப் பாதை சீரமைக்கப்பட்டு, 2015 மார்ச்சிலே துறைமுனை வரை வண்டி வந்துவிட்டது. நமது கரையிலும் வண்டி வர வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கடலறிந்தவரும் மண்ணறிந்தவரும் கூடி முடிவு செய்யட்டும். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. பழைய நிலையத்தின்மேல் ஒரு கடப்பாரையும் படலாகாது என்பதே நமது வாதம். புதிய கட்டடம் பயணிகளை ஏற்றலாம். பழைய கதையைச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

நூறாண்டு நிறைந்தால்தான் தொன்மைச் சின்னம் என்று 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அளவுகோல் வைத்திருக்கிறது. தனுஷ்கோடிக்கு வண்டி வந்தது 1914இலே. ஆகவே, வயது போதாது என்று தள்ளிவிடும் வழியும் அடைபட்டுவிட்டது. இனி வேண்டுவது மனம் ஒன்றே. ரயில்வேத் துறையும் மாநிலத் தொல்லியல் துறையும் "உன் பொறுப்பு, என் பொறுப்பு" என்று பந்தாடாமல் ஒரே மேசையில் அமர வேண்டும். எஞ்சிய சுவர்களை எஞ்சியபடியே காக்க வேண்டும். வண்ணம் பூசிப் புதுமாப்பிள்ளைக் கோலம் செய்ய வேண்டா. கூலிகள் அடைபட்ட மண்டபம் முகாம், பாம்பன் பாலம், தனுஷ்கோடி நிலையம் ஆகிய மூன்றும் ஒரே கதையின் மூன்று அதிகாரங்கள் என்று கொள்ள வேண்டும். 1914இன் பாம்பன் பாலம் 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஏப்ரலிலே புதிய பாலம் திறக்கப்பட்டது. ஓய்வு பெற்ற இரும்பை எடைபோட்டு விற்பது எளிது. அதன் ஒரு பகுதியையேனும், கதையின் நடு அதிகாரமாக, நிறுத்தி வைப்பதுதான் அறிவுடைமை.

எல்லாவற்றையும்விட அவசரமானது வேறொன்று. 1964இலே பத்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. அந்த இரவைக் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். சுவர் இன்னும் பத்தாண்டு பொறுக்கலாம். அவர்கள் பொறுக்க மாட்டார்கள். அவர்களுடைய சொற்களை இப்போதே பதிவு செய்ய வேண்டும். அதுபோலவே, தகரச் சீட்டோடு சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலே இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டு எழுத வேண்டும். மாண்டவர் பெயர்களைத் தேடித் திரட்ட வேண்டும். ஒரு தூணை நாட்டி 'நூற்றுக்கணக்கானோர்' என்று எழுதிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? எண்ணுக்குக் கண்ணீர் வடிப்பார் இல்லை, தோழர்களே. பெயருக்குத்தான் கண்ணீர் உண்டு.

இந்தக் கதை முடிந்துபோன கதை என்றும் எண்ணிவிடாதீர்கள். 1983க்குப் பின், உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு படகேறிய ஈழத் தமிழர் கண்ட முதற்கரைகளுள் தனுஷ்கோடியும் ஒன்று. 2022இலே இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோதும், பசிக்கு அஞ்சிப் படகேறிய குடும்பங்கள் அந்த மணலிலேதான் இறங்கின. போகும்போதும் அந்த வாயில். வரும்போதும் அந்த வாயில். ஏழை இடம்பெயரும் காலமெல்லாம் தனுஷ்கோடி இருக்கிறது. அங்கே அவனை வரவேற்பது என்ன என்பதைத்தான் நாம் தீர்மானிக்க வேண்டும்.

இந்தச் செய்தியை உங்கள் ஊர் மன்றத்திலே பேசுங்கள்; படிப்பகத்திலே பேசுங்கள்; உங்கள் சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் கண்டு, தனுஷ்கோடி நிலையத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் அங்கே செல்ல நேர்ந்தால், சுவரின் மேல் ஏறாதீர்கள், பெயரைக் கிறுக்காதீர்கள், உடன் வரும் பிள்ளைகளிடம், கழுத்திலே தகரம் கட்டிச் சென்றவர்களின் கதையைச் சொல்லுங்கள். கடல் செய்த அழிவுக்குக் கடலைக் கேட்க முடியாது. அதன் பிறகு நாம் செய்யாமல் விட்டதற்கு நம்மைக் கேட்பார்கள், நாளைக்கு வரும் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலை இன்றே ஆயத்தம் செய்வோம்.